மனைவியின் உயிலில் கணவரின் கையெழுத்து: இங்கிலாந்தின் இரண்டு திருத்த வழக்குகள்

1999 மே 17 அன்று இங்கிலாந்தில் ஒரு கணவரும் மனைவியும் தங்கள் உயில்களில் கையெழுத்திட்டார்கள். உயில்களைத் தயாரித்த வழக்கறிஞரே கையெழுத்து வாங்கவும் வந்திருந்தார். சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் அவரும் அவருடைய செயலாளரும். இரண்டு உயில்களிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். என் சொத்து முழுவதும் என் துணைக்கு. துணை எனக்கு முன்பே இறந்தாலோ, எனக்குப் பின் ஒரு மாதம்கூட உயிரோடு இல்லாவிட்டாலோ, எல்லாம் இன்னாருக்கு. அந்த இன்னார் அவர்களுக்கு ரத்த உறவு இல்லை, ஆனால் மகனாகவே நடத்தினார்கள். பெற்ற மகன்கள் இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு உயிலில் எதுவும் இல்லை.

வழக்கறிஞர் மனைவியின் உயிலைக் கணவரிடமும் கணவரின் உயிலை மனைவியிடமும் கொடுத்துவிட்டார். அவரவர் கையில் வந்த தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அறையில் இருந்த யாருமே கவனிக்கவில்லை.

2003இல் மனைவி இறந்தார். அவருடைய சொத்து எப்படியும் கணவருக்குத்தான் என்பதால் அப்போதும் எவரும் தாளை உற்றுப் பார்க்கவில்லை. 2006இல் கணவரும் இறந்தபோதுதான் பிழை வெளியே வந்தது. கணவரின் கையெழுத்து இருந்த தாள் "இது மனைவியாகிய என் கடைசி உயில்" என்று தொடங்கியது. "என் கணவருக்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னது. சொத்தின் மதிப்பு சுமார் 70,000 பவுண்டு. உயில் செல்லாது என்றால், உயில் இல்லாமல் இறந்தவருக்கான வாரிசுரிமை விதிப்படி அது பெற்ற மகன்கள் இருவருக்கும் போகும். செல்லும் என்றால் மகனாக நடத்தப்பட்டவருக்கு. மார்லி எதிர் ராலிங்ஸ் என்ற பெயரில் இந்த வழக்கு மூன்று நீதிமன்றங்களைக் கண்டு, 2014 ஜனவரி 22 அன்று ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறந்தவர் என்ன விரும்பினார் என்பதில் எந்தக் கட்டத்திலும் உண்மையான தகராறு இல்லை. மனைவி கையெழுத்திட்ட தாளை எடுத்துப் பார்த்தால் கணவர் விரும்பிய வாசகம் அப்படியே அச்சில் இருந்தது. விருப்பம் தெளிவு, கையெழுத்து உண்மை, சாட்சிகள் சரி. ஆனால் மூன்றும் ஒரே தாளில் சேரவில்லை. நீண்ட வழக்கின் சாரம் இதுதான்.

பழைய சட்டம் எங்கே நின்றது

1837ஆம் ஆண்டின் உயில் சட்டம், 9ஆம் பிரிவு: உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்தால் உயிலுக்கு உயிர் கொடுக்க நினைத்தார் என்று தெரிய வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். இறந்தவர் திரும்பி வந்து விளக்கம் சொல்ல முடியாது என்பதால் இந்தக் கண்டிப்பு. போலி உயில்களை நினைத்தால் அதை யாரும் குறை சொல்ல முடியாது.

இதே மாதிரியான குழப்பம் இங்கிலாந்துக்குப் புதிதும் அல்ல. 1875இலும் 1908இலும் சகோதரிகள் ஒருவர் தாளில் மற்றவர் கையெழுத்திட்ட வழக்குகள் வந்தன. இரண்டு முறையும் நீதிமன்றம் கைவிரித்தது. நியூசிலாந்து நீதிமன்றம் 1946இல் அதே நிலைமையில் தவறான சொற்களை நீக்கி உயிலைக் காப்பாற்றியது. நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் 1981இல், தாள் மாற்றிக் கையெழுத்திட்ட ஒரு தம்பதி வழக்கில், நான்குக்கு மூன்று என்ற கணக்கில் உயில் செல்லும் என்றது.

இங்கிலாந்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. உயிலில் இருந்து ஒரு சொல்லை நீக்க நீதிமன்றத்தால் முடியும். ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது. 1970ஐ ஒட்டி வந்த ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு பெண்மணி தன் உயிலின் 7ஆம் பத்தியில் பலருக்கும் சிறு கொடைகள் எழுதியிருந்தார். அதில் நான்காவது உட்பிரிவை மட்டும் ரத்து செய்யச் சொன்னார். வழக்கறிஞர் தயாரித்த துணை உயில் (முதல் உயிலை மாற்றப் பின்னால் எழுதும் ஆவணம்) 7ஆம் பத்தி முழுவதையும் ரத்து செய்துவிட்டது. "7" என்ற எண்ணை அடிக்க நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. அதன் அருகே உட்பிரிவு எண்ணைப் போட அதிகாரம் இல்லை. எண்ணை நீக்கி, இடத்தை வெறுமையாக விட்டார். ஒப்பந்தத்திலோ கிரயப் பத்திரத்திலோ இதே தவறு நடந்திருந்தால் சமநீதி மன்றங்கள் திருத்தியிருக்கும். உயிலுக்கு மட்டும் அந்தக் கதவு அடைபட்டிருந்தது.

அதைத் திறந்தது 1982ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. இரண்டே காரணங்களுக்காக நீதிமன்றம் உயிலைத் திருத்தலாம் என்றது: ஒன்று எழுத்தர் பிழை, மற்றொன்று, உயில் தயாரித்தவர் எழுதச் சொன்னவரின் சொல்லைப் புரிந்துகொள்ளாமை. புரொபேட், அதாவது உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அங்கீகாரம், வழங்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

மூன்று நீதிமன்றங்கள்

மகனாக நடத்தப்பட்டவரின் மனுவை உயர் நீதிமன்ற நீதிபதி பிரௌட்மன் இரண்டு காரணம் சொல்லித் தள்ளினார். கணவர் கையெழுத்திட்டது மனைவியின் உயிலுக்கு உயிர் கொடுக்க அல்ல, ஆகவே 9ஆம் பிரிவு நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தாலும் இது எழுத்தர் பிழை அல்ல. தாளில் இருந்த எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருந்தன, தவறியது தாளை நீட்டிய கை. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் காரணத்தையே ஏற்று மனுவை மறுபடி தள்ளியது. செல்லாத உயில் உயிலே அல்ல. உயிலே இல்லாதபோது எதைத் திருத்துவது என்பது அதன் வாதம்.

ஏட்டளவில் இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இது ஒரு வட்டம். திருத்தினால்தான் செல்லும், செல்லுபடியானால்தான் திருத்தலாம் என்றால் மிக மோசமான பிழைகளுக்கு மருந்தே கிடையாது. சின்னப் பிழை திருத்தப்படும். பெரிய பிழை பெரிதாக இருப்பதாலேயே தப்பிவிடும்.

உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக மேல்முறையீட்டை ஏற்றார்கள். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நியூபெர்கர் பிரபு. அவர் முதலில் பொருள்விளக்கத்தை எடுத்துக்கொண்டார். வணிக ஒப்பந்தத்தை எப்படிச் சூழ்நிலையோடு சேர்த்துப் படிக்கிறோமோ அப்படியே உயிலையும் படிக்க வேண்டும் என்றார். தனி மனிதர் ஒருதலையாக எழுதும் ஆவணம் என்பதற்காக அணுகுமுறை மாறத் தேவையில்லை. இன்று இங்கிலாந்தின் உயில் வழக்குகளில் அதிகம் சுட்டப்படும் வரிகளில் இவையும் உண்டு. மனைவியின் பெயர் இருந்த இடங்களில் எல்லாம் கணவரின் பெயரை வைத்துப் படித்தாலே போதும் என்ற வாதத்துக்கு வலு உண்டு என்று ஒப்புக்கொண்ட அவர், வழக்கைத் தீர்க்க நம்பியது திருத்தத்தைத்தான்.

9ஆம் பிரிவு பற்றி அவர் சொன்னது எளிது. கணவர் அந்தத் தாளில் கையெழுத்திட்டது அது தன் உயில் ஆகட்டும் என்றுதான். தாளைப் பார்த்தாலும் சூழ்நிலையைப் பார்த்தாலும் அதில் ஐயம் இல்லை. உள்ளே இருக்கும் வாசகம் பொருந்தவில்லை என்பது வேறு கேள்வி. அதோடு, 20ஆம் பிரிவில் "உயில்" என்று இருப்பது எல்லாச் சம்பிரதாயங்களையும் நிறைவேற்றிய உயிலை மட்டும் குறிப்பதல்ல. உயிலாக இருக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு உருவான எந்த ஆவணத்தையும் குறிக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்ட வட்டம் இங்கே அறுந்தது.

மிஞ்சியது எழுத்தர் பிழை. அதைக் குறுகலாக எடுத்தால் வரைவிலும் நகலெடுப்பிலும் நடக்கும் தவறு மட்டுமே. நியூபெர்கர் அதை விரித்தார். ஆவணத்தைத் தயாரித்தல், கோப்பில் வைத்தல், அனுப்புதல், கையெழுத்துக்கு ஏற்பாடு செய்தல் என அலுவலகத்தின் வழக்கமான வேலைகளில் வரும் தவறு எல்லாமே இதில் அடங்கும் என்றார். ஒருவருடைய உயிலின் வாசகத்தைக் கணினியில் வெட்டி இன்னொருவர் உயிலில் ஒட்டிவிட்டால் அது எழுத்தர் பிழை என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். விளைவு இந்த வழக்கின் விளைவேதான். விரல் செய்த தவறுக்கு ஒரு சட்டம், அதே தவறைக் கை செய்தால் வேறு சட்டம் என்று இருக்க முடியாது. முழு வாசகத்தையும் மாற்றுவது திருத்தம் ஆகுமா என்ற கேள்வியும் எழுந்தது. திருத்தம் பெரிதாகப் பெரிதாக நிரூபிக்கும் சுமையும் ஏறும். ஆனால் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று கொள்கையளவில் ஒரு கோடு இல்லை என்பது விடை.

கணவர் கையெழுத்திட்ட தாளில் இருந்த அச்சு வாசகம் நீங்கி, மனைவி கையெழுத்திட்ட தாளின் வாசகம் அதன் இடத்துக்கு வந்தது.

ஐந்து நீதிபதிகளில் ஒருவரான ஹாட்ஜ் பிரபு ஒரு சிறு குறிப்பு சேர்த்தார்: இதே வழக்கு ஸ்காட்லாந்தில் வந்திருந்தால் திருத்தம் கிடைத்திருக்காது, அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டம் திருத்த அதிகாரத்தில் இருந்து உயில்களை விலக்கியிருந்தது. 2016இல் ஸ்காட்லாந்து அந்த இடைவெளியை ஓரளவுக்கு நிரப்பியது.

செலவு

70,000 பவுண்டு சொத்துக்கு மூன்று நீதிமன்றம் ஏறினால் செலவு சொத்தை விழுங்கிவிடும். செலவுக்கென்றே 2014 செப்டம்பரில் தனித் தீர்ப்பு வந்தது. தவறைச் செய்த வழக்கறிஞரின் காப்பீட்டாளர்களே சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும் என்று முடிவானது. 1995இலேயே, வழக்கறிஞரின் அலட்சியத்தால் ஏமாந்த பயனாளி அவர் மீது நேரடியாக இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்று அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. ஆக, திருத்தம் கிடைக்காமல் போயிருந்தாலும் பணம் வேறு வழியில் வந்திருக்கலாம். அப்படியானால் இவ்வளவு போராட்டம் தேவையா என்று சிலர் கேட்பதுண்டு. தேவை என்பதே என் கருத்து. இழப்பீடு காப்பீட்டாளரிடமிருந்து வரும். சொத்து மட்டும் இறந்தவர் விரும்பாதவர்களிடம் தங்கிவிடும். ஒரே சொத்துக்கு இரண்டு முறை விலை கொடுத்தும் அவர் சொன்னது நடக்காது.

நம் பக்கம் இதற்கு என்ன வழி? 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தின் வேரில் முளைத்தது. 63ஆம் பிரிவு கையெழுத்துக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் கேட்பது கிட்டத்தட்ட அதேதான். 76ஆம் பிரிவு பயனாளியின் பெயரில் நேர்ந்த தவறைக் கடந்துபோக விடுகிறது. 77ஆம் பிரிவு விடுபட்ட சொல்லைச் சூழலில் இருந்து நிரப்ப விடுகிறது. ஆனால் தாளிலேயே பளிச்சென்று தெரியும் குறை என்றால் 81ஆம் பிரிவு வெளிச்சான்றுக்குக் கதவைச் சாத்துகிறது. ஆவணங்களைத் திருத்த உதவும் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 26ஆம் பிரிவோ மோசடியையும் இருதரப்பாரின் பொதுவான தவறையும் மட்டுமே பேசுகிறது. உயிலுக்கு இருதரப்பு ஏது? கிரயப் பத்திரத்தில் சர்வே எண் தவறினால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக்கொள்ளலாம், எழுதிக் கொடுத்தவர் இருக்கிறார். உயில் எழுதியவர் போன பிறகு அந்த வழியும் இல்லை. 20ஆம் பிரிவு போன்ற ஒன்று நமக்கும் வேண்டும். இதைச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ செய்ய வேண்டும். நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கிலும் நெளிந்து வளைந்து கொடுப்பதில் எந்தக் குடும்பமும் நிம்மதியாக இருக்க முடியாது.

பதிவேட்டில் பிழை என்றால்

உயிலில் கேள்வி ஒன்றுதான், எழுதியவர் என்ன நினைத்தார். நிலப் பதிவேட்டில் அந்தக் கேள்வி போதாது. பதிவேட்டை நம்பி ஒருவர் வாங்கியிருப்பார், ஒரு வங்கி கடன் கொடுத்திருக்கும். ஒருவருக்கான திருத்தம் இன்னொருவருக்கு இழப்பு.

இங்கிலாந்தில் பதிவேடுதான் உரிமை. 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம், 58ஆம் பிரிவின்படி, பதிவேட்டில் உரிமையாளர் என்று பெயர் ஏறியவருக்குச் சட்ட உரிமை வந்துவிடுகிறது. அடியில் இருக்கும் பத்திரம் போலி என்றாலும்கூட. இவ்வளவு கடுமையான விதிக்கு ஈடாக இரண்டு பாதுகாப்புகள் உண்டு. 4ஆம் அட்டவணை பிழையைத் திருத்த அதிகாரம் தருகிறது. 8ஆம் அட்டவணை, பிழையாலோ திருத்தத்தாலோ நட்டப்படுபவருக்கு நிலப் பதிவகமே இழப்பீடு தர வகை செய்கிறது. நிலம் சுவாதீனத்தில் உள்ள பதிவு உரிமையாளருக்குக் கூடுதல் கவசம்: அவருடைய மோசடியோ கவனக்குறைவோ பிழைக்குக் காரணமாக இருந்தாலோ, திருத்தாமல் விடுவது அநீதி என்றாலோ தவிர, அவர் சம்மதம் இல்லாமல் திருத்த முடியாது.

பிழை என்றால் எது? 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பாக்ஸ்டர் எதிர் மேனியன் வழக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. ஒருவருக்குச் சொந்தமான வயல். இன்னொருவர் பத்து ஆண்டு எதிரிடை அனுபோகத்தில் (உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நிலத்தைத் தன்னுடையதுபோல் வைத்திருப்பதில்) இருந்ததாகச் சொல்லி, தன் பெயரில் பதிய மனுப் போட்டார். சட்டப்படி பதிவகம் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பியது. பதில் தர 65 அலுவல் நாட்கள். உரிமையாளர் அந்தக் காலத்துக்குள் படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. மனுதாரர் பெயரில் வயல் பதிவானது.

பிறகு உரிமையாளர் விழித்துக்கொண்டு திருத்தம் கேட்டார். விசாரித்ததில் மனுதாரர் பத்து ஆண்டு அனுபோகத்தில் இருக்கவே இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் அவர் வாதாடினார்: பதிவகம் செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்தது, அறிவிப்பு போனது, கெடு முடிந்தது, பதிவு நடந்தது. இதில் பதிவகத்தின் பிழை எங்கே?

ஜேகப் நீதிபதி இதை ஏற்கவில்லை. தகுதியே இல்லாத ஒருவரின் பெயர் ஏறியதே பிழை. நடைமுறைத் தவறு மட்டும்தான் பிழை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒரு படிவத்தை நேரத்தில் அனுப்பாததற்காக ஒருவர் தன் நிலத்தை, அதில் எந்த உரிமையும் சம்பாதிக்காத ஒருவரிடம் இழப்பதை நாடாளுமன்றம் நினைத்திருக்காது. சுவாதீனக் கவசமும் உதவவில்லை, திருத்தாமல் விடுவதே அநீதி என்று முடிவானது. வயல் பழைய உரிமையாளர் பெயருக்குத் திரும்பியது.

எனக்கு இந்த இரண்டு வழக்குகளும் ஒரே தராசில் நிற்பதாகத் தோன்றுகிறது. இரண்டிலும் எதிர்த்தரப்பு, சம்பிரதாயம் முடிந்துவிட்டது, இனித் தொடக்கூடாது என்றது. இரண்டிலும் நீதிமன்றம், அந்தச் சம்பிரதாயம் யாரைக் காப்பதற்காக வந்தது என்று திருப்பிக் கேட்டது. சாட்சியும் கையெழுத்தும் உயில் எழுதியவரைக் காக்க வந்தவை. அவரைத் தோற்கடிக்க அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. 65 நாள் அறிவிப்பு நில உரிமையாளரைக் காக்க வந்தது. அவரை வெளியேற்றும் கருவியாக அது மாறக்கூடாது.

பாக்ஸ்டர் வழக்கில் இடையில் மூன்றாவது ஆள் நுழையவில்லை, அதனால் தீர்ப்பு எளிதாயிற்று. நுழைந்துவிட்டால் கதை சிக்கல். 2014இல் வந்த கோல்ட் ஹார்ப் வழக்கில், ஒரு கட்டடத்தின் கூரைப் பகுதிக்கான பழைய குத்தகைகள் தவறாகப் பதிவேட்டில் இருந்து நீக்கப்பட்டு, புதுக் குத்தகை ஒன்று பதிவாகியிருந்தது. பழைய குத்தகைகளை மீட்பதோடு, புதியதைவிட அவற்றுக்கு முன்னுரிமையும் தர முடியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வெறுமனே பெயரைத் திரும்பப் போட்டு, வரிசையில் கடைசியில் நிறுத்தினால் அது திருத்தமே அல்ல. 2015இல் ஸ்விஃப்ட் ஃபர்ஸ்ட் வழக்கில், போலிக் கையெழுத்தில் அடமானம் பதிந்த கடன் நிறுவனம், பதிவேட்டில் இருந்து அடமானம் நீக்கப்பட்டபோது பதிவகத்திடம் இழப்பீடு பெற்றது. வீட்டுக்காரருக்கு வீடு, கடன் கொடுத்தவருக்குப் பணம், நட்டம் அமைப்பின் தலையில்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கடைசி வரிதான் வியப்பாக இருக்கும். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் பெயர் மாறியும் பரப்பு குறைந்தும் பதிவான பட்டாக்களோடு இன்றும் மக்கள் மாவட்ட வருவாய் அலுவலர் முன்பு மனுவோடு நிற்கிறார்கள். நம் பட்டா உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதனால் பட்டாவில் தவறான பெயர் ஏறினாலும் உண்மையான உரிமை போய்விடாது. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 14ஆம் பிரிவே, உரிமை விளம்புகைக்கு உரிமையியல் நீதிமன்றம் போகலாம், தீர்ப்புக்கு ஏற்பப் பட்டா திருத்தப்படும் என்கிறது. அது ஆறுதல்தான். ஆனால் அந்த வழக்கின் செலவும் காலமும் முழுவதும் பாதிக்கப்பட்டவருடையவை. பிழை அரசாங்கக் கணக்கில், பில் குடிமகன் கணக்கில். உரிமைக்கே அரசு உத்தரவாதம் தரும் பதிவேடு இந்தியாவுக்கு வேண்டும் என்று பேசுகிறவர்கள், அதோடு சேர்ந்து வரவேண்டிய இழப்பீட்டு நிதியைப் பற்றியும் அதே மூச்சில் பேச வேண்டும். 58ஆம் பிரிவை மட்டும் இறக்குமதி செய்து 8ஆம் அட்டவணையை விட்டுவிட்டால், போலிப் பத்திரக்காரனுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

இங்கிலாந்திலும் பதிவேட்டுத் திருத்தம் முடிந்துபோன விவகாரம் அல்ல. எவ்வளவு காலம் வரை பிழையைத் தோண்டலாம் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான எல்லை கிடையாது. 2018 ஜூலையில் அந்நாட்டுச் சட்ட ஆணையம் பத்து ஆண்டு என்ற எல்லையைப் பரிந்துரைத்தது: பிழையான பதிவு பத்து ஆண்டு நின்றுவிட்டால், சில விலக்குகள் தவிர, அதுவே இறுதி, இழந்தவருக்கு நிலம் அல்ல, இழப்பீடு. வாங்குபவருக்கும் கடன் தருபவருக்கும் இது நிம்மதி தரும். வீடும் வயலும் வைத்திருந்து, வெளியூரில் வேலை பார்த்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பதிவேட்டைத் திறந்து பார்க்காத சாதாரண மனிதருக்கு அந்த விலக்குகள் எவ்வளவு அகலமாக இருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.